வரைவதற்கு முன் முடிக்க வேண்டியவை: தனி அனிமேட்டர்களுக்கான கேள்வி–பதில்

கல்விப் படமும் ஆவணப்படமும் எடுக்கும் அனிமேஷன் கலைஞர்கள், அந்தப் பாதையில் இறங்க நினைப்பவர்கள், அவர்களிடம் வேலை கொடுப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் இந்த மாதம் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

விஷுவல் கம்யூனிகேஷன் படித்து முடித்தேன். ஸ்டுடியோ வேலைக்குப் போகாமல், தனியாகக் கல்விப் படங்கள் செய்து பிழைக்க முடியுமா? யார் வேலை கொடுப்பார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். முதல் இரண்டு ஆண்டுகள் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். வேலை வருவதற்கும் பணம் வருவதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இந்தத் தொழிலில் பலரைத் திருப்பி அனுப்புகிறது. திறமைக் குறைவால் போனவர்கள் குறைவு.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு அரசே வீடாக இருந்தது. 1950-களின் நடுவில் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, பயிற்சி கொடுக்க டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்தார். ராம் மோகன் போன்ற அனிமேட்டர்கள் அங்கே உருவானார்கள். விஜயா முலே இயக்கி 1974-இல் வெளிவந்த ‘ஏக் அனேக் அவ்ர் ஏக்தா’ தூர்தர்ஷனில் எத்தனை முறை ஓடியது என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். சில நிமிடக் கல்விப் படம் ஒன்று ஒரு நாட்டின் பொது நினைவாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து கல்விப் படம் வரையும் இடங்கள் இன்று குறைவு. வேலை சிதறிக் கிடக்கிறது. நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

எங்கே தேடுவது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூ.ஆர். குறியீடு வந்தது, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பிறகு பாட வீடியோவின் தேவை கூடியிருக்கிறது. அரசு வேலை பெரும்பாலும் டெண்டர் வழியாகப் போவதால், டெண்டர் எடுத்த நிறுவனத்திடம் துணை ஒப்பந்தமாகத்தான் தனி ஆளுக்குக் கிடைக்கும். அதைவிட நேரடியான இடங்கள் உண்டு: சுகாதாரம், நீர், வேளாண்மை ஆகியவற்றில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், ஆய்வு முடிவைப் பொதுமக்களுக்குச் சொல்ல விரும்பும் பல்கலைக்கழகத் துறைகள், அருங்காட்சியகங்கள், தனியார் பாடநூல் பதிப்பகங்கள். நிலையான வருமானம் தரும் இன்னொரு வாசல் ஆவணப்பட இயக்குநர்கள். ஒரு மணி நேரப் படத்தில் இரண்டு முதல் ஆறு நிமிடம் வரை வரைபடமோ மறு உருவாக்கமோ அவர்களுக்குத் தேவைப்படும்.

இவர்களிடம் காட்ட பளபளப்பான ஷோரீல் (செய்த வேலைகளின் துண்டுத் தொகுப்பு) தேவையில்லை. ஒரே ஒரு கருத்தை முதலிலிருந்து கடைசி வரை விளக்கும் 90 நொடிப் படம் ஒன்றைச் சொந்தச் செலவில் செய்யுங்கள். ‘பனைமரம் ஏன் புயலில் சாய்வதில்லை’, ‘ஏரி மதகு எப்படி வேலை செய்கிறது’ என்பது போல. கல்விப் படத்துக்குப் பணம் கொடுப்பவர், “இவரால் ஒரு விஷயத்தைப் புரிய வைக்க முடிகிறதா?” என்றுதான் பார்ப்பார். துண்டு துண்டாக வெட்டி இசை போட்ட ரீல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். நான் எவ்வளவு கேட்பது? பேரம் பேசினால் எதைக் குறைப்பது?
– வாசகி, மதுரை

நிமிடக் கணக்கை க்ளையன்ட் கேட்கட்டும். நீங்கள் நாள் கணக்கில் யோசியுங்கள். ஒரு நிமிடத்தில் நான்கு அம்புக்குறி நகரும் படமும் உண்டு, நாற்பது பேர் நடக்கும் சந்தையும் உண்டு.

மூன்று நிமிடக் கட்-அவுட் படம் (உருவத்தைத் துண்டுகளாக வைத்து அசைப்பது) ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்து 4 நாள், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து பார்ப்பது) 4, அனிமேட்டிக் (அந்தப் படங்களைக் குரலோடு அடுக்கிய முன்னோட்டம்) 2, பாத்திரமும் பின்னணியும் வடிவமைக்க 4, குரல் பதிவு 1. அனிமேஷனில் நாளுக்கு 8 நொடி நிதானமாக வரும். 180 நொடிக்கு 23 நாள். ஒலி 3, திருத்தம் 4. மொத்தம் 45 நாள். கம்ப்யூட்டர் தகராறு, காய்ச்சல், க்ளையன்ட் தாமதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 சதவீதம் கூட்டினால் 52 நாள்.

அடுத்து உங்கள் நாள்கூலி. வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000. கருவி, மின்சாரம், இணையம், காப்பீடு, ஆடிட்டர் என்று 1,50,000. வரிக்கும் சேமிப்புக்கும் இன்னொரு 1,50,000. ஆக 7,80,000 ரூபாய். இதை 300 நாளால் வகுக்காதீர்கள். தனி ஆள் ஒருவர் வேலை தேடுவதிலும் கடிதம் எழுதுவதிலும் பில் போடுவதிலும் கற்றுக்கொள்வதிலும் பாதி ஆண்டு போகும். பில் போடக்கூடிய நாள் 120 என்று வைத்தால் நாளுக்கு 6,500. 52 நாளுக்கு 3,38,000 ரூபாய். குரல் கொடுப்பவர், இசை, மொழிபெயர்ப்பு எல்லாம் தனி. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் மாற்றாதீர்கள்.

க்ளையன்ட்டிடம் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது என்றால் நாள்கூலியைக் குறைக்காமல் படத்தைக் குறையுங்கள். மூன்று நிமிடம் ஒன்றரை நிமிடமாகட்டும். நான்கு பாத்திரம் ஒன்றாகட்டும். உதட்டசைவுப் பேச்சுக்குப் பதில் பின்னணிக் குரல் போதும் என்று பேசுங்கள். உதட்டசைவு ஒன்றே பல நாளைத் தின்னும். அதே படத்தைப் பாதி விலைக்குச் செய்து கொடுத்தால் அடுத்த படத்துக்கும் அதுதான் உங்கள் விலை.

பணத்தைத் தவணையாக வாங்குங்கள்: ஒப்பந்தத்தில் 30 சதவீதம், அனிமேட்டிக் ஒப்புதலில் 30, படம் முடிந்ததும் 30, இறுதிக் கோப்பு கொடுக்கும்போது 10. கடைசித் தவணை சிறியதாக இருப்பது நல்லது, வராமல் போவது பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து நாள்கூலி என்று எழுதிவிடுங்கள். “திருத்தங்கள் உட்பட” என்று பொதுவாக எழுதினால் முடிவே இருக்காது.

இன்னொன்று: சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பதிவுள்ள குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தாலே கணக்குப் பிரிவில் கோப்பு நகர்வதைப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை.

முதலில் படமா, முதலில் குரலா? வரைந்து முடித்த பிறகு விவரிப்பைச் சேர்த்தால் எப்போதும் பொருந்தாமல் போகிறது.
– வாசகர், திருநெல்வேலி

குரல்தான் முதலில். எழுத்தை முடித்து, உங்கள் சொந்தக் குரலிலேயே செல்போனில் பேசிப் பதிவு செய்து, ஸ்டோரிபோர்டு படங்களை அதன் மேல் அடுக்குங்கள். அதுதான் அனிமேட்டிக். மூன்று நிமிடப் படத்துக்கு 35 முதல் 50 படங்கள் இருந்தால் போதும். இந்த நிலையில் ஒரு காட்சியை நீக்குவது ஐந்து நிமிட வேலை. வரைந்த பிறகு நீக்கினால் ஒரு வாரக் கூலி போச்சு. நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம். மூன்று நிமிடத்துக்கு 2,160 படம். கையால் வரையும் கலையில் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

தமிழ் விவரிப்புக்கு நிமிடத்துக்கு 85 முதல் 100 சொல் கணக்கு வையுங்கள், சிறு பிள்ளைகளுக்கு 75. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 140, 150 சொல் என்று படித்துவிட்டு அதே எண்ணில் தமிழ் எழுதினால் படிப்பவர் மூச்சு வாங்குவார். நம் சொல் நீளம், ஒட்டுகள் எல்லாம் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இடையில் பேச்சே இல்லாத நேரம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். பிள்ளை கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது அப்போதுதான்.

பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ‘வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன’ என்ற வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. முதல் சொல்லிலேயே நீர் ஏறத் தொடங்கினால், ‘உறிஞ்சுகின்றன’ என்று காதில் விழும்போது திரையில் எல்லாம் முடிந்திருக்கும். ‘வேர்கள்’ என்னும்போது வேரைக் காட்டுங்கள், ‘நீரை’ என்னும்போது நீர்த்துளி தெரியட்டும், வினைச்சொல்லில் அசைவு தொடங்கட்டும். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடும். அந்தக் கணக்கில் அசைத்த படத்துக்குத் தமிழ் டப்பிங் சேர்த்தால் எங்கோ வழுக்குவது போலத் தெரிவது இதனால்தான். இரண்டு மொழியிலும் வரப்போகும் படம் என்றால் ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒரு நொடி அசைவில்லாமல் நிறுத்துங்கள், நீட்டவும் குறைக்கவும் இடம் கிடைக்கும்.

தொலைக்காட்சிக்குப் போகும் படமா என்று முதல் நாளே கேளுங்கள். நம் ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃப்ரேம். 24-இல் செய்ததை 25-க்கு வேகப்படுத்தினால் ஓடும் வேகம் 4 சதவீதம் கூடும், குரலின் சுருதியும் சற்று ஏறும். வேகத்தை மாற்றாமல் இழுத்தால் நகரும் காட்சி தடுக்கும்.

பாட நிபுணரின் ஒப்புதலை இரண்டு இடத்தில் எழுத்தாக வாங்க வேண்டும்: எழுத்து முடிந்ததும், அனிமேட்டிக் முடிந்ததும். முடிந்த படத்தைக் காட்டி “சரியா?” என்று கேட்கும்போதுதான் இதயத்தின் வால்வு தலைகீழாகத் திறப்பது அவர் கண்ணில் படும்.

நான் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் காட்டும் அனிமேஷன்களே தவறான கருத்தை விதைக்கின்றன. படம் செய்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கவலை முழுக்க நியாயமானது. சொல்லில் தவறு இருந்தால் ஆசிரியர் திருத்திவிடலாம். அசைந்த படம் மனதில் நின்றுவிடும், திருத்துவது கடினம். விவரிப்பு சரியாக இருக்க, படம் மட்டும் பொய் சொல்லும் இடங்கள் இந்தத் துறையில் நிறைய.

முதலிடம் பூமியின் சுற்றுப்பாதைக்கு. அதை நீள்வட்டமாக இழுத்து வரைவது வழக்கமாகிவிட்டது. பார்க்கும் பிள்ளை, “சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை” என்று தானாகவே முடிவு செய்துவிடும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரியில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். தொலைவில் இருப்பது ஜூலையில், 15.2 கோடி. நமக்கு அனல் பறக்கும் சித்திரையில் பூமி சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. திரையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதையின் நீளத்தை 1,000 பிக்சலாக வரைந்தால் அகலம் அதைவிட ஒரு பிக்சல்கூடக் குறையாது. சூரியனை மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 8 பிக்சல் தள்ளி வைக்க வேண்டும். அதாவது வட்டமாக வரைந்தாலே சரி. சாய்வாகப் பார்ப்பது போல வரைந்தால் வட்டமும் நீள்வட்டமாகத் தெரியும். அப்போது முதலில் மேலிருந்து காட்டி, பிறகு கேமராவைச் சாய்க்க வேண்டும். அந்த மூன்று நொடியைச் சேமிக்கப் பார்ப்பதில்தான் தவறு நுழைகிறது.

நிலவும் அப்படித்தான். பூமிக்கு ஒட்டினாற்போல் வரைகிறோம். இடைவெளி பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு. சரியான அளவில் காட்ட முடியாது என்று சொல்வார்கள், முடியும். 1,920 பிக்சல் அகலத் திரையில் பூமியை 60 பிக்சலாக இடது ஓரத்தில் வையுங்கள். நிலவு 16 பிக்சல், 1,810 பிக்சல் தள்ளி வலது ஓரத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். நடுவில் வெறும் கறுப்பு. அந்த வெறுமையை நான்கு நொடி பேசாமல் காட்டினால் பிள்ளைகள் தூரத்தை உணர்வார்கள்.

ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நீலமாகக் காட்டுவது பாடநூல் பழக்கம். உடலில் அது அடர்சிவப்பு. இரண்டு சிவப்பை வைத்தே வேறுபடுத்தலாம், நீலம்தான் வேண்டும் என்றால் “அடையாளத்துக்காக நீலம்” என்று ஒரு வரி சொல்லுங்கள். நீர்ச் சுழற்சியில் ஆவியை வெண்புகையாக வரைகிறோம், நீராவி கண்ணுக்குத் தெரியாது, தெரிவது குளிர்ந்து உண்டான நுண்துளி. அணுவை வரையும்போது கருவை நெல்லிக்காய் அளவு போடுகிறோம். அணு திரையின் முழு அகலத்தை அடைத்தாலும் கரு ஒரு பிக்சலின் சிறு பங்குகூட இருக்காது. இதை அளவோடு வரைய வழியில்லை. இந்த மாதிரி இடங்களில் ‘படம் அளவுப்படி இல்லை’ என்று திரையில் எழுதுவது கடமை.

பேசுவதையே அப்படியே எழுத்தாகவும் திரையில் ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறும். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டு சோதனைகளில் காட்டியது இது. கலைச்சொல் மட்டும் எழுத்தாக வரட்டும். காது கேளாத பிள்ளைகளுக்கான எழுத்தோட்டம் தனிக் கோப்பாக, வேண்டும்போது போடும்படி இருக்கட்டும்.

ஸ்டுடியோவில் அழகாக இருந்த படம் பள்ளியில் திரையிட்டபோது வெளுத்துப்போய், குரலும் கேட்கவில்லை. என்ன தவறு?
– வாசகர், சேலம்

இருட்டு அறையில் நல்ல மானிட்டரில் செய்திருப்பீர்கள். வகுப்பறையில் ஜன்னல் திறந்திருக்கும், புரொஜெக்டரின் கறுப்பு சாம்பலாகிவிடும். பின்னணி வெளிர் நிறம், கோடும் உருவமும் அடர் நிறம் என்று வையுங்கள். எழுத்தின் உயரம் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, 1,080 பிக்சல் உயரத் திரைக்கு 54 பிக்சல். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். நிறத்தோடு வடிவத்தையும் வேறுபடுத்துங்கள்.

ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் இசை. குரலை விட இசை 18 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். பள்ளி ஸ்பீக்கர் ஒன்றுதான் இருக்கும், ஸ்டீரியோவை மோனோவாக்கி ஒருமுறை கேளுங்கள். அகலமாகத் தெரிய சில விளைவுகளைச் சேர்த்திருந்தால் மோனோவில் குரலே தேயும். பிறகு செல்போன் ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும் அறையில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சி கூடவே கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து ஏறக்குறைய 685 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது, பெரும்பாலும் பிள்ளைகள். மின்னல், வெடிப்பு, பட்டாசு வரும் காட்சிகளில் இதை ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணிப் பாருங்கள்.

தமிழ் எழுத்துகள் மென்பொருளில் உடைந்து வருகின்றன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.
– வாசகர், யாழ்ப்பாணம்

எல்லா அனிமேஷன் மென்பொருளும் இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை. ‘கொ’ என்பது கணினிக்கு க-வும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள், கோக்கத் தெரியாத மென்பொருள் அவற்றைத் தனித்தனியாக வைத்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்கவும். மற்றவற்றில் எளிய வழி: இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டு வாருங்கள். மாற்றும் முன் மூலத்தைத் தனியாகச் சேமியுங்கள், கோடாகிவிட்ட எழுத்தில் பிழை திருத்த முடியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு ஆவது போன்ற விளைவையும் அப்படியே போடாதீர்கள். ‘கை’ வருவதற்கு முன் ‘க’ ஒரு கணம் தோன்றும். எழுத்துக் கற்கும் பிள்ளைக்கு அது பெரிய குழப்பம். சொல் சொல்லாகத் தோன்றச் செய்யலாம்.

கணினிக்கு என்ன வாங்குவது? மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

வேண்டியதில்லை. பிளெண்டர், க்ரீட்டா, ஓபன்டூன்ஸ் மூன்றும் இலவசம். பிளெண்டருக்குள் இருக்கும் க்ரீஸ் பென்சில் கொண்டு 2டி வரையலாம். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016-இல் திறந்த மூலமாகி ஓபன்டூன்ஸ் ஆனது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் பிளெண்டரில் உருவாக்கிய ‘ஃப்ளோ’ 2025-இல் அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும்.

2டி வேலைக்கு ஆறு கோர் சிப், 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., திரையில்லாத சாதாரண டிராயிங் டேப்லெட் போதும். 3டி என்றால் ரேமை 32 ஆக்கி, 8 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு சேருங்கள். திரையுள்ள டேப்லெட்டுக்கு முன்பு யு.பி.எஸ். வாங்குங்கள். ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது) எடுக்கும்போது நேராக வீடியோ கோப்பாக எடுக்காமல் பி.என்.ஜி. படவரிசையாக எடுக்க வேண்டும். இரவில் கரண்ட் போனால் படவரிசையில் ஒரு ஃப்ரேம்தான் போகும், வீடியோ கோப்பானால் முழுதும் போகும். மூன்று நிமிடத்துக்கு 4,320 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 2 எம்.பி. என்றால் 9 ஜி.பி.க்குள் அடங்கும். பிரதி மூன்று வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில்.

பாதிக்கப்பட்ட சிறுமி ஒருவரின் அனுபவத்தை ஆவணப்படமாக்குகிறோம். முகம் தெரியக் கூடாது என்பதால் அனிமேஷன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, போக்சோ சட்டம் 2012 இரண்டுமே பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, அடையாளம் காண வழிசெய்யும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கின்றன. படம் வரைகிறவர் உண்மையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்தத் தெருவின் கோபுரத்தையும், பள்ளிச் சீருடையின் நிறத்தையும், வேனின் எழுத்தையும் அப்படியே வரைந்துவிடுவார். ஊர்க்காரர் ஒருவருக்கு அது போதும். புகைப்படத்தைப் பார்த்து வரையாதீர்கள். மூன்று ஊர்களின் தெருக்களைக் கலந்து ஒரு தெருவை உருவாக்குங்கள். சடை, தழும்பு, நடை எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

குரல்தான் பெரிய ஆபத்து. சுருதியை மாற்றிய குரலை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். வேறொருவரைப் பேச வையுங்கள், சொற்கள் அந்தச் சிறுமியுடையவையாகவே இருக்கட்டும். தொடக்கத்தில் ‘குரலும் இடங்களும் மாற்றப்பட்டுள்ளன, சொற்கள் மாற்றப்படவில்லை’ என்று எழுதுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அனிமேட்டிக் நிலையிலேயே அவர்களிடம் காட்டி, “இதை எடுத்துவிடுங்கள்” என்று சொல்ல வழி விடுங்கள். மூலப் பதிவுக் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், கூட்டு டிரைவில் வைக்காதீர்கள்.

ஸ்டோரிபோர்டில் ஒவ்வொரு காட்சிக்கும் கீழே ஒரு கட்டம் போடுங்கள்: ‘அவர் சொன்னது’, ‘ஆவணத்தில் உள்ளது’, ‘நம் ஊகம்’. ஊகம் என்று குறித்த காட்சிகளின் வரைகோட்டைக் கலைந்ததாக, முடிக்காததாக வையுங்கள். கேமரா இல்லாத இடத்தைக் காட்ட முடிவது அனிமேஷனின் பலம். அங்கே இல்லாததையும் இருந்ததாக நம்ப வைக்க அதே பலம் போதும் என்பதால், இந்தக் கட்டம் இல்லாத ஸ்டோரிபோர்டை ஆவணப்படத்துக்கு ஏற்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

ஒரு நிறுவனத்துக்குச் செய்த படத்தை வெட்டி, வேறு மொழியில் டப் செய்து, என் பெயரை நீக்கி வெளியிட்டிருக்கிறார்கள். உரிமை என்னுடையது இல்லையா?
– வாசகர், புதுச்சேரி

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் நிலை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்துச் செய்வித்த திரைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். ‘நான் வரைந்தேன், ஆகவே என்னுடையது’ என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது.

உரிமை உங்களுடையதாக இருந்து, அதை எழுத்து மூலம் மாற்றித் தருகிறீர்கள் என்றால் 19-ஆவது பிரிவு உதவும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும்.

அடுத்த வேலைக்கு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்த மொழி, எத்தனை ஆண்டு, எந்தத் தளங்கள், வெட்டுவதற்கு முன் உங்கள் ஒப்புதல் தேவையா, பெயர் எங்கே எத்தனை நொடி வரும், விழாவுக்கும் உங்கள் தொகுப்பிலும் காட்டும் உரிமை யாருக்கு. மூலக் கோப்புகளைப் பற்றித் தனி வரி வேண்டும். முடிந்த படத்தைக் கொடுப்பதும், பாத்திரங்களை அசைக்கும் மூலக் கோப்பைக் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கொடுத்தால் அடுத்த பத்துப் படத்தை வேறு யாரோ செய்வார்கள். அதற்குத் தனி விலை போடுங்கள்.

சொந்தமாக எடுத்த குறும்படத்தை எங்கே அனுப்புவது? சென்சார் வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்குமான மும்பை சர்வதேசத் திரைப்பட விழா 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. முதலில் அங்கே பார்வையாளராகப் போய் வாருங்கள். பொதுத் திரையரங்கில் காட்ட 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், விழாக்களுக்கான விலக்கை வழக்கமாக விழாவை நடத்துபவர்களே பெறுவார்கள். விழாச் சுற்று முடியும் வரை இணையத்தில் பொதுவில் ஏற்றாதீர்கள், சில விழாக்கள் அதனாலேயே தள்ளிவிடும். திரையரங்கப் பிரதியை டி.சி.பி.ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே எடுக்கலாம்.

மாணவர்களோடு செல்போனில் களிமண் பொம்மை ஸ்டாப் மோஷன் செய்கிறோம். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் படபடக்கிறது.
– ஆசிரியர், தர்மபுரி

செல்போன் ஒவ்வொரு படத்துக்கும் தானே வெளிச்சத்தைச் சரி செய்துகொள்வதுதான் முதல் காரணம். மேனுவல் அமைப்பில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஜன்னலை அடர்துணியால் மூடுங்கள், மேகம் போவது திரையில் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும், ஷட்டரை 1/50 அல்லது 1/25-இல் வைத்தால் அது தெரியாது. இதற்குப் பிறகும் படபடத்தால் படமெடுக்கும் பிள்ளையின் சட்டையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை ஒளியைப் பொம்மை மேல் திருப்பி அடிக்கும். எல்லோரும் அடர் நிறச் சட்டை போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்துக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள்.

போனைத் தொட்டு அழுத்தாமல் இயர்போன் பட்டனால் படமெடுங்கள், ஸ்டாண்டை மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். நொடிக்கு 12 படம் வீதம் 30 நொடிக்கு 360 படம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் இழுத்தால் விளக்குச் சூட்டில் களிமண் தளர்ந்து பொம்மை சாயத் தொடங்கும். உள்ளே அலுமினியக் கம்பி வைத்துச் செய்த பொம்மையானால் பாதத்தில் ஒரு ஆணி விட்டு, தெர்மோகோல் தரையில் குத்தி நிறுத்துங்கள்.